பிந்தி வந்த விருந்தாளி

ஒரு பண்டத்தின் பெயரோடு ஓர் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த ஊருக்கும் அந்தப் பண்டத்துக்கும் பிறந்த வீட்டுச் சம்பந்தம் இல்லை என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லிவிடலாம். ஆர்க்காட்டுச் சீமையில் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்கிறார்கள். அது பிறந்ததோ தென் அமெரிக்காவில். மணிலா அதற்கு வழியில் இருந்த ஒரு சத்திரம், அவ்வளவுதான். மக்காச்சோளமும் அந்த ஜாதியைச் சேர்ந்தது. மெக்காவிலிருந்து வந்த சோளம் என்று யாரோ எண்ணியதால் அந்தப் பெயர் ஏற்பட்டது என்பார்கள். இத்தாலிக்காரர்கள் அதையே 'துருக்கித் தானியம்' என்கிறார்கள். அதற்கு மெக்காவும் ஊரல்ல, துருக்கியும் ஊரல்ல. கடைசியாக எந்த வாசல் வழியாக வந்ததாகத் தோன்றியதோ, அந்த வாசலின் பெயரை ஜனங்கள் அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது, தின்பதற்கு நன்றாக இருந்தால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். சுமார் 500 வருஷங்கள் வரையில் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பிறந்த வீட்டிலிருந்தே ஒருவன் அதைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவனுடைய சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மெக்ஸிகோ நாட்டின் தென்மேற்கில் பால்சாஸ் என்று ஒரு நதி ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்ற ஒரு காட்டுப் புல் இன்றும் முளைக்கிறது. அதன் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள் இருக்கும். ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள் அடங்கியிருக்கும். பார்த்தால் பசியுள்ளவன்கூட அதைத் தொடமாட்டான். சுமார் 9,000 வருஷங்களுக்கு முன்னால், பெயர் தெரியாத குடியானவர்கள் அந்தப் புல்லைத் தேர்ந்து தேர்ந்து விதைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, கை நீளக் கதிராக மாற்றினார்கள். உலகத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. கண்டுபிடித்தவனுக்குச் சிலையும் இல்லை, சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

1492-இல் கொலம்பஸ் கடலைக் கடந்தான். அதன் பிறகு மக்காச்சோளம் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போயிற்று. அடுத்த நூற்றாண்டில் போர்த்துக்கீசியருடன் ஆப்பிரிக்கக் கரைகளுக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் வந்தது. விதை மட்டுமே வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தச் செடியைத் தின்று வாழ்ந்த பூச்சிகளும், அந்தப் பூச்சிகளைத் தின்று வாழ்ந்த பூச்சிகளும், இவற்றுக்கு நடுவே பயிர் செய்யக் கற்றிருந்த மனிதர்களின் வித்தையும் அக்கரையிலேயே நின்றுவிட்டன. கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகும் பெண்ணுடன் தாயாதிச் சண்டைகள் கூடப் போவதில்லை அல்லவா? அதுபோல, மக்காச்சோளம் புதிய சீமைகளில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தியது. உள்ளூர்த் தண்டுத் துளைப்பான் தொல்லை கொடுத்தது உண்மைதான். ஆனால் பிறந்தகத்துப் பகையாளி ஒருவன் கடலுக்கு அப்பாலே இருந்தான்.

அந்தப் பகையாளிக்கு முதன்முதலில் சாஸ்திர முறைப்படி நாமகரணம் நடந்தது 1797-ஆம் ஆண்டில். நடத்தியவர்கள் இரண்டு பேர். ஜான் அபட் என்பவர் 1751-இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே பூச்சிகள் மீது மோகம் கொண்டு, 1773-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, பிறகு ஜார்ஜியா மாகாணத்தில் தங்கிவிட்டார். புழு, அது தின்னும் செடி, கூட்டுப்புழு, கடைசியில் வெளிப்படும் அந்துப்பூச்சி ஆகிய எல்லாவற்றையும் ஒரே தாளில் வர்ணம் தீட்டி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். லண்டனில் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற அறிஞர் அந்தப் படங்களுக்கு விளக்கம் எழுதி இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். அவற்றில் 104 படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, பார்வைக்கு ஒரு விசேஷமும் இல்லாத சாம்பல் நிற அந்துப்பூச்சி. அதற்கு ஸ்மித் 'புருஜிபெர்டா' என்று லத்தீனில் பெயரிட்டார். விளைச்சலைப் பாழாக்குவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஆங்கிலத்தில் வைத்த பெயர் இன்னும் பொருத்தமானது: சோளக் குருத்துப் புழு.

குருத்து என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்பானிய மொழி பேசும் அமெரிக்கக் குடியானவர்களும் இந்தப் புழுவைக் 'கோகோயேரோ' என்கிறார்கள். அதற்கும் குருத்தைக் குடைபவன் என்றே அர்த்தம். தாய்ப்பூச்சி இலையில் ஒரே குவியலாக 100, 200 முட்டைகளை இட்டு, தன் உடம்பு ரோமங்களால் போர்வை போர்த்திவிடும். தன் வாழ்நாளில் அப்படி 1,000, 1,500 முட்டைகள் வரை இடும். பொரித்த குஞ்சுகள் இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். சற்று வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மேலே எந்த மருந்தைத் தெளித்தாலும் உள்ளே இருப்பவனுக்கு மழை பெய்த சத்தம் கேட்கும், நனைய மாட்டான். நெற்றியில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள்: இவைதாம் அவனுடைய அங்க அடையாளங்கள். ஒரே குருத்தில் இரண்டு பேர் சந்தித்தால் ஒருவன் மற்றவனைத் தின்றுவிடுவதும் உண்டு. ஆகாரம் தீர்ந்துபோனால் கூட்டம் கூட்டமாக அடுத்த வயலுக்கு அணிவகுத்துப் போவதால் படைப்புழு என்று பெயர் வந்தது.

இந்தப் படைக்கு ஒரு பலவீனம் உண்டு. குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்க அதற்குத் தெரியாது. உறைபனி விழுந்தால் செத்துப்போகும். ஆகவே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புளோரிடாவின் தென்கோடியிலும் டெக்ஸாஸின் தென்கோடியிலும் மட்டுமே அது குளிர்காலத்தில் உயிர் தரித்திருக்கும். வசந்தம் வந்ததும் வடக்கே கிளம்பும். ஓர் இரவில் 100 கிலோமீட்டர் பறக்கக்கூடிய பூச்சி அது. காற்று சாதகமாக இருந்தபோது மிஸிஸிப்பி மாகாணத்திலிருந்து கனடா வரையில் 1,600 கிலோமீட்டர் தூரத்தை 30 மணி நேரத்தில் கடந்ததாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். வட மாகாணங்களுக்குப் போய்ச் சேரும்போது இலையுதிர் காலம் நெருங்கிவிடும். அதனால் ஆங்கிலத்தில் 'இலையுதிர்காலப் படைப்புழு' என்பார்கள். 1899-லும் 1912-லும் அது பெரும் சேனையாகக் கிளம்பியது. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த பிலிப் லூகின்பில் அதன் வாழ்க்கையை வருஷக்கணக்காகக் கவனித்து 1928-இல் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். பனி விழும், படை அழியும், மறு வருஷம் தெற்கேயிருந்து மீண்டும் வரும். அந்த நாட்டில் இது ஒரு வருஷாந்தர உற்சவம்.

இதே பூச்சி, பனியே விழாத, வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு பச்சைப் பயிர் நிற்கும் தேசத்துக்குப் போனால் என்ன ஆகும்? தூங்கத் தெரியாதவனுக்குத் தூங்க வேண்டிய அவசியமே இல்லாத வீடு கிடைத்த கதைதான்.

2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, பெனின், டோகோ முதலிய நாடுகளில் மக்காச்சோள வயல்கள் சல்லடையாக நின்றன. பெனின் நாட்டில் சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையத்தில் இருந்த கியோர்க் கோயர்கன் என்பவரும் அவருடைய சகாக்களும் பூச்சியை அடையாளம் கண்டு அந்த ஆண்டிலேயே வெளியிட்டார்கள். ஜார்ஜியாக் காட்டில் அபட் தீட்டிய படத்துக்கு ஸ்மித் வைத்த பெயரை, 219 வருஷங்களுக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் உபயோகிக்க நேர்ந்தது. சரக்குகளோடும் பிரயாணிகளோடும் கடல் கடந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் அபிப்பிராயம். கடலைத் தாண்டியதும் மற்ற தூரங்களைச் சொந்தச் சிறகுகளால் கடந்தது. இரண்டே வருஷங்களில் சஹாராவுக்குத் தெற்கே அநேகமாக எல்லா நாடுகளிலும் பரவிவிட்டது.

2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் அதைக் கண்டார்கள். சில மாதங்களில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அந்த ஆண்டின் இறுதிக்குள் இலங்கையிலும் கால் வைத்தது. அங்கே அதற்குச் 'சேனா' என்றே பெயர் வழங்கலாயிற்று. 2019 ஜனவரியில் சீனாவின் யுன்னான் மாகாணம், 2020-இல் ஆஸ்திரேலியா என்று அதன் திக்விஜயம் நடந்தது.

"மக்காச்சோளம் நம் வீட்டுச் சமையலில் ஏது? அதற்கும் நமக்கும் என்ன?" என்று பட்டணத்து வாசகர் கேட்கக்கூடும். காலையில் தோசைக்கல்லில் ஊற்றிய முட்டையைப் பார்த்துச் சொல்லட்டும். நம் நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும் பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. பெரம்பலூரில் குருத்து வாடினால் நாமக்கல் கோழிப் பண்ணையில் கவலை. நாமக்கல்லில் கவலை என்றால் மாம்பலத்து மளிகைக் கடையில் முட்டை விலை.

2018 ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காக நான் பெரம்பலூர்ப் பக்கம் போயிருந்தேன். மழை விட்டிருந்த ஒரு மாலை வேளையில் கரிசல் வரப்பின் மேல் நடந்துகொண்டிருந்தபோது, தோளில் மருந்துத் தெளிப்பான் மாட்டிய பெரியவர் ஒருவர் எதிரே வந்தார்.

"வாங்க சார். விவசாய ஆபீஸுங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. கதை எழுதுகிறவன்."

"அப்ப சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. எங்க கதையை இனிமே எழுதினாத்தான் உண்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஒரு குருத்தை விரித்துக் காட்டினார். உள்ளே கொழுத்துக் கிடந்த புழு தலையைத் தூக்கிப் பார்த்தது. மூன்று தடவை மருந்து அடித்துவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் கொடுத்த பாட்டில் வேறு, விலையும் வேறு. "கேட்டா, இது அதைவிட வீரியம்னு சொல்றாங்க. கை எரியுது, கண்ணு எரியுது. புழுவுக்கு மட்டும் எரியக் காணோம்."

பிறகு அவர் கேட்டார்: "இது எந்த ஊர்ப் புழுங்க?"

பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன்: "அமெரிக்காவிலிருந்து வந்தது என்கிறார்கள்."

"சோளம்?"

"சோளமும் அந்தப் பக்கந்தான்."

பெரியவர் சற்று நேரம் யோசித்தார். "அப்ப திருடன் வரலீங்க. சொந்தக்காரன்ல வந்திருக்கான்!" என்றார்.

இந்தச் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்ன பிறகுதான் நான் புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தபோது மனத்தில் முதலில் தைத்தது, பயத்துக்கும் கணக்குக்கும் உள்ள தூரம். 2017-இல் கானா, ஸாம்பியா நாடுகளில் குடியானவர்களைக் கேட்டார்கள். விளைச்சலில் சராசரி நூற்றுக்கு 45 பங்கு போயிற்று என்றார்கள் கானாக்காரர்கள். 40 என்றார்கள் ஸாம்பியாக்காரர்கள். அந்தக் கணக்கை வைத்து, தடுப்பு எதுவும் செய்யாவிட்டால் 12 ஆப்பிரிக்க நாடுகளில் வருஷத்துக்கு 83 லட்சம் டன்னிலிருந்து 2 கோடியே 6 லட்சம் டன் வரை மக்காச்சோளம் பாழாகும் என்று மதிப்பிட்டார்கள். உலகமே நடுங்கியது. சர்க்கார்கள் பூச்சி மருந்தை வாங்கிக் குவித்தன. பிறகு சில ஆராய்ச்சியாளர்கள் கிழக்கு ஜிம்பாப்வேயில் வயல் வயலாக இறங்கிச் செடிகளை எண்ணினார்கள். மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறக்குறையப் பாதி வரையில் செடிகள் கடிபட்டிருந்தன. ஆனால் அறுவடையில் குறைந்தது நூற்றுக்கு 12-க்கும் சற்றுக் குறைவுதான். மக்காச்சோளம் நாம் நினைப்பதைவிட நெஞ்சழுத்தம் உள்ள பயிர். இளம் வயதில் இலை கிழிந்தாலும் புதுக் குருத்து விட்டுத் தேறிக்கொள்ளும்.

இதனால் குடியானவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. காலையில் எழுந்து வயலைப் பார்க்கிறவனுக்குக் கிழிந்த இலைதான் தெரியும். மாசியில் வரப்போகும் கதிர் தெரியாது. ஒரு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்பதும் சின்ன நஷ்டமல்ல. ஆனாலும் 45 என்று பயந்து மருந்து அடிப்பதற்கும், 12 என்று தெரிந்து மருந்து அடிப்பதற்கும் நடுவே ஒரு குடும்பத்தின் கடன் நிற்கிறது; தெளிக்கிறவனின் நுரையீரலும் நிற்கிறது. பொறுமையாக எண்ணிப் பார்ப்பது எவ்வளவு பெரிய தர்மம் என்பதை நான் அந்தக் கட்டுரையைப் படித்தபோது உணர்ந்தேன்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மத்திய அமெரிக்கக் குடியானவர்கள் பழங்காலம் தொட்டு மக்காச்சோளத்தோடு அவரையையும் பூசணியையும் கலந்து பயிரிடுகிறார்கள். குருத்தில் ஒரு பிடி மண்ணையோ சாம்பலையோ போட்டுப் புழுவைச் சாகடிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. பழைய முறை எல்லாமே மருந்து என்று நாம் உற்சாகப்படத் தோன்றும். ஆனால் ஜிம்பாப்வேயில் பூசணி கலந்த வயல்களில் சேதம் அதிகமாக இருந்ததாம்! அடிக்கடி களை எடுத்த வயல்களிலும், அதிகம் உழாமல் விட்ட வயல்களிலும் சேதம் குறைவாம். முன்னோர் வித்தையையும் இடம் பார்த்துத்தான் நட வேண்டும் போலிருக்கிறது.

நிற்க. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரத்தை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை. அது ஒரு கறுப்புக் குளவி. குளவி என்றதும் கொட்டும் என்று பயப்பட வேண்டாம். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. டெலினோமஸ் ரீமஸ் என்று பெயர். படைப்புழு இட்ட முட்டைக் குவியலின் ரோமப் போர்வைக்குள் புகுந்து, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையை இடும். புழு பிறக்க வேண்டிய இடத்தில் குளவி பிறக்கும். குருத்துக்குள் ஒளிந்தவனைத் தேடி அலையாமல், பிறப்பதற்கு முன்பே கணக்கை முடித்துவிடும் சாமர்த்தியசாலி.

இது அமெரிக்கக் குளவி என்று நினைப்பீர்கள். இல்லை. 1937-இல் மலாயாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு நிக்சன் என்ற அறிஞர் இதற்குப் பெயரிட்டார். நம் நாட்டில் புகையிலைப் புழுவை ஒழிப்பதற்காக 1963-இல் நியூகினியிலிருந்து இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிருந்து மேற்கிந்தியத் தீவான பார்படாஸுக்கு அனுப்பினார்கள். பிறகு வெனிசுவேலாவில் லட்சக்கணக்கில் வளர்த்து, மக்காச்சோள வயல்களில் படைப்புழுவுக்கு எதிராக விட்டார்கள். பகைவன் நம் நாட்டுக்கு வருவதற்கு நாற்பது வருஷங்களுக்கும் முன்பே, நம் நாட்டு வழியாகப் போன ஒரு வீரன் பகைவனின் ஊரில் அவனோடு போரிட்டுக்கொண்டிருந்தான்!

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஆப்பிரிக்காவுக்குப் படைப்புழு வந்ததும், இந்தக் குளவியை அங்கே இறக்குமதி செய்யலாமா என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். அந்நியப் பூச்சியை ஒரு நாட்டுக்குள் விடுவதென்றால் எத்தனையோ சோதனைகள், எத்தனையோ அனுமதிகள். இதற்கிடையில் பெனின், ஐவரி கோஸ்ட், நைஜர், கென்யா, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் படைப்புழுவின் முட்டைகளைச் சேகரித்து வளர்த்துப் பார்த்தபோது, உள்ளிருந்து வெளியே வந்தது சாக்ஷாத் அதே குளவி! யாருடைய அனுமதியும் கேட்காமல் அது முன்பே ஆப்பிரிக்காவில் இருந்திருக்கிறது. 2019-இல் இந்தச் செய்தியை வெளியிட்டார்கள். நம் கர்நாடகத்திலும் புழுவைக் கண்ட சில மாதங்களுக்குள் தேடிப் பார்த்தார்கள். முட்டைகளில் டெலினோமஸ் இனத்துக் குளவியும் ட்ரைக்கோகிரம்மா குளவியும் இருந்தன. புழுக்களைக் கொன்று பச்சை மாவு பூசியதுபோல் விறைக்க வைக்கும் ஒரு பூஞ்சணமும் இருந்தது. அந்தப் பூஞ்சணத்தின் பெயர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்காவின் பூச்சியியல் அறிஞராக விளங்கிய ரைலியின் பெயர்.

இந்தச் சின்னஞ்சிறு சேவகர்கள் தனியாகவே போரை முடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. படைப்புழு நம் நாட்டில் நிரந்தரக் குடித்தனக்காரனாகிவிட்டது. இனி யாராலும் அதைக் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் கண்மூடித்தனமாக மருந்து அடிக்கும்போது குருத்துக்குள் பதுங்கியவன் பிழைக்கிறான், வெளியே பறந்து திரியும் குளவிதான் முதலில் சாகிறது. அதனால்தான் விவசாயப் பல்கலைக்கழகத்தார் வேறு வழிகளை முன்னால் வைக்கிறார்கள்: ஆழ உழுது கூட்டுப்புழுவை வெயிலிலும் பறவையின் கண்ணிலும் படும்படி செய்தல், வேப்பம் புண்ணாக்கு, வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும், இனக்கவர்ச்சிப் பொறி, முட்டைக் குவியலைக் கண்டவுடன் கசக்கிப் போடுதல். மருந்து கடைசியில், அதுவும் அளவோடு. படிப்பதற்குச் சாதாரணமாக இருக்கின்றன. செய்வதற்குத் தினந்தோறும் வயலுக்குப் போக வேண்டும். குனிந்து குருத்தைப் பார்க்க வேண்டும்.

மக்காச்சோளத்தின் பெயரை இனி யாரும் மாற்றப் போவதில்லை. அது மெக்காவின் சோளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஓர் இடத்திலிருந்து விதையை எடுத்து வருகிறவர்கள், அந்த இடத்தில் அந்த விதை யார் யாரோடு வாழ்ந்தது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெரம்பலூர்ப் பெரியவர் கேட்டாரே, "இது எந்த ஊர்ப் புழு?" என்று, அந்தக் கேள்வியை 500 வருஷங்களுக்கு முன்பே யாராவது சோளத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.